இறுதியாட்டச் சோதனை: ஒரே நிலைக்கு ஒவ்வொரு முறையும் வேறு முடிவு வருகிறது, உதவவும்

வெள்ளைச்சிப்பாய்: நண்பர்களே, சதுரங்க இறுதியாட்ட (காய்கள் குறைந்துவிட்ட கடைசிக் கட்ட) நிலைகளைக் கொடுத்து ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே உள்ள லாஸ்கர்–ரைக்ஹெல்ம் நிலையில் ஒரு முறை உடனே விடை சொல்கிறது, மறுமுறை நெடுநேரம் தடுமாறுகிறது. கணினியும் அதே, நிலையும் அதே. என்ன காரணம்? நாளைக்குள் முடிவு வேண்டும்.

எட்டாம்வரிசை: எந்தப் பதிப்பு, எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் தேடும் இழைகள்), ஹாஷ் (ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளைச் சேமிக்கும் நினைவகம்) எவ்வளவு, டேபிள்பேஸ் (காய்கள் குறைந்த நிலைகளின் விடைகளை முன்பே கணித்து வைத்த கோப்புகள்) இணைத்திருக்கிறீர்களா என்று எதுவுமே சொல்லவில்லையே. இவை தெரியாமல் எப்படிச் சொல்வது?

கருப்புக்குதிரை: எனக்கு நல் மூவ் (null move, வெற்று நகர்த்தல்) மீதுதான் சந்தேகம். முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுத்தாலும் நிலைமை கெடாது என்று கண்டால் அந்தக் கிளையை வெட்டிவிடும் உத்தி அது. நகர்த்தியே ஆக வேண்டிய கட்டாயமே தோல்வியாகிவிடும் சிப்பாய் ஆட்டங்களில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

நடுப்பலகை: இதெல்லாம் இங்கே பலமுறை பேசி முடித்த அடிப்படை, கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தன்னிடம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே இருக்கும்போது ஸ்டாக்ஃபிஷ் நல் மூவைப் பயன்படுத்துவதே இல்லை. ஏ1-இல் நிற்கும் வெள்ளை ராஜா பி1-க்குச் செல்வது ஒன்றே இந்த நிலையில் வெற்றி தரும். சிப்பாய்கள் அனைத்தும் முட்டி நிற்பதால் தொடக்கத்தில் ராஜாக்கள் மட்டுமே நகர முடியும். ஆகவே ஒரே நிலை பல வழிகளில் திரும்பத் திரும்ப வரும், அவற்றை ஹாஷ் நினைவில் வைத்திருப்பதால்தான் நிரல் அவ்வளவு ஆழத்துக்கு, அதாவது அத்தனை நகர்த்தல்கள் முன்னோக்கி, செல்கிறது. முந்தைய ஓட்டத்தின் ஹாஷை அழிக்காமல் மீண்டும் ஓட்டினால் உடனே வரும் விடை பழைய நினைவிலிருந்து வருவதே.

மூலைபிஷப்: சிசிஜி (Syzygy) என்ற டேபிள்பேஸை இணைத்துவிட்டால் சிக்கலே இராது.

எட்டாம்வரிசை: அதில் ஏழு காய்கள் வரைதான் உண்டு, இந்த நிலையில் ஒன்பது காய்கள் உள்ளன. காய்கள் வெட்டுப்பட்ட பின்புதான் அது உதவும். மேலும், டேபிள்பேஸை இணைத்துச் சோதித்தால் நிரலின் திறமையையா அளக்கிறோம், வட்டில் உள்ள கோப்புகளையா?

மூலைபிஷப்: உண்மை ஆட்டத்தில் இணைத்துக்கொண்டு ஆடும் நிரலை, சோதனையில் மட்டும் ஏன் கழற்றிவிட வேண்டும்? ஆறு காய்கள் வரையிலான கோப்புகள் சுமார் 150 ஜிபிதான், இன்று எவரும் வைத்துக்கொள்ளலாம்.

கருப்புக்குதிரை: நிரலின் தேடலைச் சோதிக்கும்போது கழற்றிவிட்டு, விடைத்தாளைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துவதே முறை. பழைய சோதனைத் தொகுப்புகளில் ஒரே விடை என்று போட்டிருக்கும் இடத்தில் வேறொரு நகர்த்தலும் வெல்லக்கூடும். அதைத் தேர்ந்தெடுத்த நிரலுக்குச் சுழியம் போடுவது அநியாயம். ஐம்பது நகர்த்தல் விதியை (ஐம்பது நகர்த்தல்களில் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லையெனில் சமன் கோரலாம் என்பதை) சேர்ப்பதா இல்லையா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் சில வெற்றிகள் அந்த விதியால் சமனாகிவிடும்.

எட்டாம்வரிசை: கேட்டவருக்கு வருகிறேன். பல த்ரெட்கள் ஒரே ஹாஷைப் பகிரும்போது எது முன்னால் எழுதும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், அதனால் முடிவும் மாறும். ஒரே த்ரெட் வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் முன் ஹாஷை அழித்து, நேர வரம்புக்குப் பதிலாக ஆழ வரம்பு கொடுத்துப் பாருங்கள்.

வெள்ளைச்சிப்பாய்: அப்படியே செய்தேன். இப்போது எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு. மிக்க நன்றி.

நடுப்பலகை: நல்லது. ஆனால் எந்தப் பதிப்பு, டேபிள்பேஸ் இருந்ததா என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.