கிணற்று மோட்டார் அமைப்பில் நீரழுத்தம் குறைகிறது: மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார் மூலம் நீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டி கிடையாது. தரைத்தளத்தில் ஒரு பிரஷர் டேங்க், அதன் அடியில் 30/50 பி.எஸ்.ஐ. (நீரழுத்த அலகு) பிரஷர் சுவிட்ச் (30-இல் மோட்டாரை ஓட்டி 50-இல் நிறுத்துவது), அதற்குப் பின் ஒரு வண்டல் ஃபில்டர் ஆகியவை உள்ளன. இரண்டு மாதங்களாகக் குழாயைத் திறந்ததும் நீர் வேகமாக வந்து, சில நொடிகளில் நூலாக மெலிந்து, ஏறக்குறைய நின்றே போகிறது. அதன் பிறகுதான் சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்து மோட்டார் ஓடுகிறது. மாடிக் குளியலறையில் நிலைமை இன்னும் மோசம். வந்து பார்த்த மெக்கானிக், மோட்டாரின் இம்பெல்லர்கள் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரங்கள்) தேய்ந்துவிட்டன, புதிய மோட்டார்தான் போட வேண்டும் என்கிறார். ஆனால் டேங்கின் அருகிலுள்ள கேஜ் (அழுத்தமானி) எப்போது பார்த்தாலும் 42 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. அழுத்தம் இவ்வளவு இருக்கையில் மோட்டாரைக் குறை சொல்வது சரிதானா? குழாய் முனைகளில் உள்ள சல்லடைகளைக் கழுவிப் பார்த்துவிட்டேன். மாற்றம் எதுவும் இல்லை.

பதில் 1

மோட்டாரைப் பற்றி முடிவெடுக்கும் முன் அந்தக் கேஜைச் சந்தேகியுங்கள். 30/50 சுவிட்ச் உள்ள அமைப்பில், குழாய் திறந்திருக்கும்போது முள் 50-இலிருந்து 30 வரை இறங்கி, மோட்டார் ஓடியதும் மீண்டும் ஏற வேண்டும். எந்நேரமும் 42-இலேயே நிற்கும் முள் அழுத்தத்தைக் காட்டவில்லை. அது என்றோ ஒருநாள் சிக்கிக்கொண்ட இடத்தைத்தான் காட்டுகிறது. எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, எல்லாவற்றிலும் தாழ்வான குழாயைத் திறந்து டேங்கை முழுவதும் வடியவிடுங்கள். அப்போதும் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால், ஒன்று கேஜ் பழுது, அல்லது அதன் வாய் அடைபட்டிருக்கிறது.

நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தது மற்றொன்று: நீர் நிற்கும் தறுவாயில்தான் சுவிட்ச் விழுகிறது என்கிறீர்கள். சுவிட்சைத் தாங்கி நிற்கும் கால் அங்குல நிப்பிள் என்ற குட்டைக் குழாய் வழியாகத்தான் அதற்கு அழுத்தம் போய்ச் சேர்கிறது. இரும்புச்சத்து மிகுந்த நீரில் அந்த நிப்பிளுக்குள் துருச்சேறு படிந்துவிடும். துளை குறுகினால், குழாயில் அழுத்தம் 30-க்குக் கீழே இறங்கி வெகு நேரமான பிறகே சுவிட்சுக்குச் செய்தி எட்டும். மோட்டார் நிற்பதும் அதேபோல் தாமதமாகும். அழுத்தம் 50-ஐத் தாண்டி ஏறும். ஆகவே உங்கள் அமைப்பில் ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) இருக்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள். சுவிட்சின் மூடியைத் திறந்தால் உள்ளே மின்சாரம் பாயும் முனைகள் இருக்கும் என்பதால், மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டர் வைத்து உறுதி செய்யாமல் கை வைக்காதீர்கள்.

பதில் 2

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. 40/60 சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டியதும் சரியாகிவிட்டது. இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று எனக்குப் புரியவில்லை.

பதில் 3

மேலே உள்ள யோசனையை இப்போது பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் சுவிட்சின் அளவை உயர்த்தினால், அந்த மோட்டாரால் 60-ஐ எட்ட முடியாதபோது அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டினாலும் டேங்கின் காற்றழுத்தத்தை 38-க்கு உயர்த்தியாக வேண்டும்.

உண்மையில் நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியதும் அந்தக் காற்றைத்தான். டேங்குக்குள் ரப்பர் பையின் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் காற்றும் இருக்கின்றன. மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் நீரை வீட்டுக்குள் தள்ளுவது அந்தக் காற்றே. அது மோட்டார் தொடங்கும் அளவைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக, உங்கள் சுவிட்சுக்கு 28 ஆக இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்து, டேங்கை வடியவிட்டு, குழாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, வண்டி டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியால் அளவு பாருங்கள். நீர் நிறைந்திருக்கும்போது அளந்தால் கிடைப்பது நீரின் அழுத்தமே. டேங்கின் காற்று வால்வில் உள்ள ஊசியை அழுத்தும்போது நீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது என்று பொருள். காற்று அடித்துப் பயனில்லை.

கேட்டவரின் மறுமொழி

நீங்கள் இருவரும் சொன்னபடியே நேற்று செய்து பார்த்தேன். டேங்க் முழுதாக வடிந்த பின்னும் முள் 42-ஐ விட்டு அசையவில்லை. கேஜைக் கழற்றியபோது அதன் வாயில் செங்கல் நிறத்தில் சேறு இறுகிக் கிடந்தது. சுவிட்சின் நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஊசி நுழையும் அளவுக்கே துளை மிஞ்சியிருந்தது. சுத்தம் செய்வதைவிட மாற்றிவிடுவது மேல் என்று தோன்றியதால், கேஜையும் நிப்பிளையும் புதிதாகப் போட்டேன். டேங்கின் வால்வை அழுத்தியபோது நீர் வரவில்லை. காற்று மெல்லச் சீறியது, அளவு வெறும் 9 பி.எஸ்.ஐ. பம்பால் அடித்து 28-க்குக் கொண்டு வந்தேன்.

இப்போது முள் 50-இலிருந்து 30-க்கு நிதானமாக இறங்குகிறது. 30-ஐத் தொட்டதும் மோட்டார் ஓடுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்ததில், குழாய்களை மூடிய நிலையில் டேங்கை நிரப்ப மோட்டார் ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. முன்பு சில நொடிகள்தான். கீழ்த்தளத்தில் குறை எதுவும் இல்லை. மாடி ஷவரில் மட்டும் இன்னும் கொஞ்சம் பலவீனம் தெரிகிறது. இதற்கு மோட்டார் காரணமாக இருக்குமா?

பதில் 1

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடி 50-ஐ எட்டி நிற்கும் மோட்டாரை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. டேங்கில் காற்றுக் குறைந்ததால் அழுத்தம் நொடிகளில் சரிந்தது. அடைபட்ட நிப்பிளால் மோட்டார் அதைவிடத் தாமதமாக விழித்தது. இரண்டும் சேர்ந்துதான் குழாயில் நீர் நூலானது. 

மாடியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு 2.31 அடி உயரத்துக்கும் 1 பி.எஸ்.ஐ. இழப்பு உண்டு, 12 அடி மேலே ஷவர் இருந்தால் சுமார் 5 பி.எஸ்.ஐ. தானாகவே குறையும். அதற்கும் மேல் குறைவதாகத் தோன்றினால் ஃபில்டரின் கார்ட்ரிட்ஜை (உள்ளே வண்டலைப் பிடிக்கும் பகுதியை) கழற்றிவிட்டு, உறையை மட்டும் மூடி ஷவரைத் திறந்து பாருங்கள். கேஜ் ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால், ஃபில்டர் அடைப்பை அது ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. நிப்பிளை அடைத்த அதே சேறு கார்ட்ரிட்ஜை மட்டும் விட்டுவைத்திருக்க வாய்ப்பில்லை.

பதில் 3

இன்னும் ஒன்று மட்டும். இன்றிரவு டேங்குக்குப் பின்னுள்ள வால்வை மூடி, மோட்டாரின் மின்சாரத்தையும் அணைத்து, முள் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். காலையில் அது கீழே இறங்கியிருந்தால், வெளியில் கசிவு இல்லாத பட்சத்தில், செக் வால்வு (நீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வு) வழியாகவோ கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் விழுந்த ஓட்டை வழியாகவோ நீர் திரும்பிப் போகிறது. ஒரு மாதம் கழித்து டேங்கை மீண்டும் வடியவிட்டுக் காற்றையும் அளந்து பாருங்கள். 28 அப்படியே இருந்தால் பை நலமாக இருக்கிறது. மறுபடியும் 10-க்கு அருகில் வந்திருந்தால், முதலில் வால்வு ஊசியின் மேல் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு டேங்கைப் பற்றி யோசியுங்கள்.