கொல்லைப் பக்கம் அறை சேர்த்த பிறகு ஏசி குளிரவே மாட்டேன் என்கிறது

கீழக்கரைவாசி:
எங்கள் வீடு கீழக்கரையில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். உம்மாவுக்கு முட்டு வலி, மாடி ஏற முடியாது, அதனால் ஹாலுக்குத் தெற்கே கொல்லையில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை சேர்த்து, நடுச்சுவரைப் பாதி எடுத்து ஹாலோடு திறந்தே விட்டுவிட்டோம். ஹாலில் இருக்கும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி முன்பெல்லாம் 26-இல் ஓடினாலே போர்வை கேட்கும். இப்போது 18-இல் வைத்தும் புது அறையில் உம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. அவுட்டோர் யூனிட் பழைய தெற்குச் சுவரில் இருந்தது, அந்தச் சுவர் உள்ளே போய்விட்டதால் மேற்குச் சந்துக்கு மாற்றினார்கள். மாற்றிய ஆளைக் கூப்பிட்டால் கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறார், கொஞ்ச நாள் நன்றாக ஓடி மறுபடி பழைய கதைதான். இன்னொருவர் இரண்டு டன் வாங்கிப் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

மண்டபம் ஏசி வேலை:
காக்கா, பொறுங்கள், இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஏசியில் கேஸ் என்பது அடைத்த குழாய்க்குள் சுற்றி வருவது, ஓட ஓடத் தீர்ந்துபோவது இல்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. இடம் மாற்றும்போது குழாயை நீட்டி ஒட்டுப் போட்டிருப்பார்கள், என் முதல் சந்தேகம் அந்த ஒட்டில்தான். நைட்ரஜன் ஏற்றி, ஒட்டிலும் இரண்டு பக்க நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழ் விடும் இடம்தான் ஓட்டை. அதை அடைத்ததும் நேராகக் கேஸுக்குப் போகக் கூடாது. வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகு, தராசில் வைத்து எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். குழாய் நீண்டதற்கு மீட்டருக்கு எத்தனை கிராம் கூடுதல் என்று மேனுவலிலேயே இருக்கும். உங்களுடையது ஆர்32 என்றால் அது தீப்பிடிக்கக் கூடிய கேஸ், முழுக்க வெளியே எடுக்காமல் யாரையும் குழாயில் வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

அப்புறம் அந்தச் சந்து. எதிர்ச்சுவர் கிட்டத்தில் இருந்தால் யூனிட் தள்ளுகிற வெந்த காற்று அதில் முட்டித் திரும்பி வரும், அதையே மறுபடி இழுக்கும். சாயங்கால மேற்கு வெயிலும் சேர்ந்துகொண்டால் என்ன டன் போட்டாலும் குளிராது. முடிந்தால் மேலே தூக்கித் திறந்த இடத்தில் வையுங்கள், ஆனால் கடல் காற்று நேராக அறையாத பக்கமாக. பின்பக்கத் தகடுகளையும் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்து, விரல் பட்டாலே உதிர்ந்தால் உப்பு அரித்துவிட்டது, அந்தத் தகடுகள் கோத்த குழாய்ச் சுருளையே, அதாவது காயிலையே, மாற்ற வேண்டியிருக்கும். அந்த அளவுக்குப் போகவில்லை என்றால் மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். நம் பக்கம் போர் தண்ணீரே கரிக்கிறது, அதை அடித்துக் கழுவினால் உப்பின் மேல் உப்பு.

தேவிபட்டினத்தான்:
நான் கட்டட வேலை பார்ப்பவன். மெக்கானிக் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதோடு முடியாது. ஒன்றரை டன் என்றால் மணிக்கு 18,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும், ஹாலுக்கு அது தாராளம். இப்போது கூடவே வெறும் கான்கிரீட் தளம் போட்ட 120 சதுர அடியையும் திறந்து விட்டிருக்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிப் புது அறைச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், பகலில் குடித்த வெயிலைத் தளம் உம்மா மேல் இறக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே தட்டோடு பதிக்கலாம், வெள்ளைக் கூலிங் டைல் போடலாம், கையில் காசு இல்லையென்றால் ஒவ்வொரு கோடைக்கு முன்னாலும் சுண்ணாம்பு அடித்தால்கூட வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊருக்குக் கடல் கிழக்கே, உங்களுக்குத் தெற்கே. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஹாலுக்குள் வந்ததே அந்தத் தெற்கு ஜன்னல் வழியாகத்தான், அறையைக் கட்டி அதை அடைத்துவிட்டீர்கள். புது அறையின் தெற்குச் சுவரில் ஜன்னல் இருக்கிறதா?

கீழக்கரைவாசி:
தெற்கே பாத்ரூம், அதனால் ஜன்னல் மேற்கே மட்டும். சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன் காக்கா, நன்றாகவே சுடுகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதாதா?

தேவிபட்டினத்தான்:
போடலாம், கொஞ்சம் தாங்கும். ஆனால் சூட்டைத் தளத்துக்கு மேலேயே தடுப்பது நல்லது, உள்ளே வந்த பிறகு மறைப்பதில் பாதிப் பலன்தான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டியாவது கட்டுங்கள். பாத்ரூமை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குத் தெற்குச் சுவரில் இடம் கிடைத்தாலும் திறப்பு விடுங்கள், காற்று வெளியேற ஹாலின் வடக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

தொண்டி லாத்தா:
தம்பி, இதெல்லாம் முடிய நாளாகும். அதுவரை உம்மாவை ஹாலிலேயே ஏசிக்கு எதிரே கட்டில் போட்டுப் படுக்க வையுங்கள், நடுச்சுவர் திறப்பில் கனமான திரை ஒன்றைத் தரை தொடுகிற மாதிரி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாளித்தோம்.

மண்டபம் ஏசி வேலை:
லாத்தா சொன்னதை இன்று ராத்திரியே செய்யுங்கள் காக்கா. கசிவு நாளைக்கு, தளம் அடுத்து. கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.