மறுமொழி: பொய்ச்சாட்சியா, அவைப்பொய்யா? இன்னொரு பரிந்துரை

அன்புள்ள குழுமத்தாருக்கு,

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழுவிடம் அதிகாரிகள் பொய் சொல்வதையும் மறைப்பதையும் குறிக்கத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> பொய்ச்சாட்சி என்ற சொல் இருக்கிறதே. அதிகாரி காங்கிரஸ் குழுவில் பொய் சொன்னாலும் அதுதானே? புதுச்சொல் எதற்கு?

ஐயா, அமெரிக்கச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 1621-ஆம் பிரிவின்கீழ் வரும் பொய்ச்சாட்சிக்குச் சத்தியப்பிரமாணம் வேண்டும். 1001-ஆம் பிரிவுக்கு அது தேவையில்லை. குழுவின் விசாரணையில் முக்கியமான ஒன்றைப் பற்றித் தெரிந்தே பொய் சொன்னால் போதும். இரண்டுக்கும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. போதாததற்கு, பொய்ச்சாட்சியின் எல்லை மிகக் குறுகியது. கேட்டவரைத் திசைதிருப்பும் பதிலாக இருந்தாலும், சொல்லளவில் உண்மை என்றால் அது பொய்ச்சாட்சி ஆகாது என்று 1973-இல் பிரான்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

> அப்படியானால் "அவைப்பொய்" என்று வைத்துக்கொள்ளலாமா?

சுருக்கமான சொல்தான். ஆனால் பொய் மட்டும்தான் அதற்குள் அடங்குகிறது, மறைப்பு வெளியே நிற்கிறது. பெரிய அதிகாரிகள் தப்புவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் வழக்கைப் பாருங்கள். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் இயக்குநராக இருந்தவர். சிலி நாட்டின் அதிபர் அலெண்டேவுக்கு எதிராக சி.ஐ.ஏ. செய்த வேலைகளைப் பற்றி 1973-இல் செனட் குழு கேட்டபோது, சத்தியம் செய்துவிட்டு மறைத்தார். 1977-இல் வழக்கு வந்தபோது பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டே இல்லை. "முழுமையாகவும் சரியாகவும் சாட்சியம் அளிக்கவில்லை" என்ற சிறு குற்றமாகச் சுருக்கினார்கள். 2,000 டாலர் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனை. அந்த அபராதத்தையும் பழைய சகாக்கள் பணம் திரட்டிக் கட்டினார்கள். சாதாரண மனிதர் நீதிமன்றத்தில் இப்படிச் செய்தால் இவ்வளவு எளிதாக வீடு திரும்ப முடியுமா? எனக்கு இதில் இன்றும் ஆத்திரம் உண்டு.

ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குக் கொடுத்த ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் வெளியுறவுத்துறை அதிகாரி எலியட் ஆப்ராம்ஸ் 1991-இல் ஒப்புக்கொண்டதும் காங்கிரஸிடமிருந்து தகவலை மறைத்த குற்றத்தைத்தான். அடுத்த ஆண்டே அதிபரின் மன்னிப்பு கிடைத்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: அவையேய்ப்பு. வரி ஏய்ப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். பொய்க் கணக்கு காட்டினாலும் வருமானத்தை மறைத்தாலும் அது வரி ஏய்ப்புதான். அதேபோல அவையேய்ப்பு, பொய் சொன்னதையும் மறைத்ததையும் சேர்த்தே பிடிக்கும். சத்தியம் செய்தாரா என்ற கேள்விக்குள்ளும் போகாது. பொய்ச்சாட்சி, தகவல் மறைப்பு இரண்டையும் குறிப்பிட்ட குற்றங்களின் பெயராக இதற்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

சாட்சியம் நடப்பது குழுவில்தானே, அவையில் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். குழு, அவை கொடுத்த அதிகாரத்தில்தான் விசாரிக்கிறது. குழுவை ஏய்ப்பது அவையை ஏய்ப்பதுதான்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

"கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவுகளைத் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று 2013 மார்ச்சில் செனட்டர் வைடன் கேட்டதற்கு, உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்றார். முகமை அப்படித் திரட்டியதைக் காட்டும் ரகசிய ஆவணங்கள், ஸ்னோடென் மூலம் ஜூனில் வெளிவந்தன. பதில் தவறானது என்று கிளாப்பர் கடிதம் எழுதினார். அவையேய்ப்பு வழக்குத் தொடரப்படாமலேயே 2018-இல் ஐந்தாண்டுக் காலவரம்பு முடிந்தது."

எனக்கு இயல்பாகவே படிக்கிறது. வினையாக "அவையை ஏய்த்தார்" என்று பிரித்தே எழுதலாம். செய்தவரைக் குறிக்கத்தான் நல்ல வடிவம் அமையவில்லை, "அவையேய்ப்பர்" ஒட்டவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.