மேல் நீதிமன்றத்தில் ஜூரி: மலையகத்து வழக்குகளில் பார்த்தவை, கவனிக்க வேண்டியவை

சட்டத்தரணி, பதுளை

படம் பார்த்துவிட்டு ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) என்றால் பன்னிரண்டு பேர் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். இலங்கையில் ஏழு பேர். நீதவான் நீதிமன்றத்தில் ஜூரி இல்லை. மேல் நீதிமன்றத்தில், அதுவும் கொலை போன்ற பாரதூரமான குற்றங்களுக்குத்தான். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கேட்டால்தான் ஜூரி. இல்லையென்றால் நீதிபதி தனியாக விளங்குவார், அதாவது வழக்கை விசாரித்துத் தீர்ப்பார்.

குற்றப்பத்திரிகை கையளிக்கும் நாளில் "ஜூரி வேண்டுமா?" என்று எதிரியிடம் கேட்டே ஆக வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 195 (ஈஈ) பிரிவு சொல்வது அது. அதைக் கேட்காமல் விட்டால் விளக்கமே (வழக்கு விசாரணையே) அடிபட்டுப் போகும் குறை என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனால் அரை நிமிடத்தில் முடிகிற கேள்வி அது. கூண்டில் நிற்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு "வேணாங்க ஐயா" என்பார், பதிவாகிவிடும். என்ன கேட்டார்கள் என்று வெளியே வந்துதான் விசாரிப்பார். சட்டத்தரணி முதல்நாளே சிறைச்சாலைக்குப் போய் எடுத்துச் சொல்லியிருந்தால் ஒழிய இது மாறாது.

எது நல்லது? நீதிபதி தனியாக விளங்கினால் காரணங்களை எழுதித் தீர்ப்பளிப்பார். மேன்முறையீட்டில் அதை வரிவரியாகத் தாக்கலாம். ஜூரியின் வாயிலிருந்து வருவது குற்றவாளி, குற்றவாளி அல்ல, அவ்வளவுதான். அப்போது நீதிபதி ஜூரிக்குச் சொல்லும் தொகுப்புரையில்தான் பிழை தேட வேண்டும். மேன்முறையீடு செய்ய இருப்பது 14 நாள்.

நீதிமன்ற நடைமுறை தெரிந்தவர், கண்டி

ஜூரர் தெரிவைப் பற்றி: சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாகப் பெயர்ப்பட்டியல் உண்டு. எந்த மொழி ஜூரி என்பதையும் எதிரிதான் தெரிவு செய்வார். திறந்த மன்றில் சீட்டெடுத்துப் பெயர் கூப்பிடுவார்கள். இரு தரப்பும் காரணம் சொல்லாமலே சிலரை மறுக்கலாம். அதற்கு மேல் மறுக்கக் காரணம் காட்ட வேண்டும். எதிரிக்கு அந்த ஆளைத் தெரியுமா, பழைய பகையா, சொந்தமா என்பதைச் சத்தியம் எடுக்கும் முன்பே சட்டத்தரணியின் காதில் போட்டுவிட வேண்டும். ஏழு பேரும் அமர்ந்த பிறகு சொல்லிப் பெரிய பலனில்லை. தலைவரை அவர்களே தெரிவு செய்வார்கள்.

முடிவுக்கு 7-0, 6-1, குறைந்தது 5-2. 4-3 செல்லாது, திரும்பப் போய்ப் பேசச் சொல்வார்கள், அப்படியும் ஒத்து வராவிட்டால் ஜூரியைக் கலைத்து, புதிதாக விளக்கம். ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்பதா என்ற வாதம் வந்தால் ஜூரியை வெளியே அனுப்புவார்கள். சனம் இதை ஏதோ இரகசியம் என்று நினைக்கிறது. ஏற்க முடியாத வாக்குமூலம் அவர்கள் காதில் விழக்கூடாது, அதற்குத்தான்.

உரைபெயர்ப்பு வேலை, நுவரெலியா

மொழித் தெரிவை லேசாக எடுக்காதீர்கள். மலைநாட்டில் வழக்கு நடப்பது சிங்களத்தில். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, விளங்காத மொழியில் வழக்கு நடந்தால் கட்சிக்காரருக்கு மட்டுமல்ல, ஜூரருக்கும் அரசு செலவில் உரைபெயர்ப்புக் கிடைக்கும் என்கிறது. கிடைக்கும், சரி. தேயிலைத் தோட்டத்துப் பேச்சு எவ்வளவு தப்பிப் பிழைக்கும் என்பதுதான் சிக்கல்.

சாட்சி "கவ்வாத்துக் கத்தி" (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி) என்பார். வெறும் "கத்தி" என்று பெயர்த்தால், தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவன் கையில் எப்போதும் இருக்கிற வேலைக் கருவி, வேண்டுமென்றே எடுத்து வந்த ஆயுதமாகிவிடும். கொலையா, திடீர்ச் சண்டையில் நேர்ந்த மரணமா என்ற கேள்வியே அதில் தொங்கலாம். "பிரட்டுக்கு முந்தி" (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்கு முன்) என்றால் நேரம். "காலையில்" என்று மொட்டையாக்கினால் வேறிடத்தில் இருந்தேன் என்கிற எதிரியின் கூற்று பலமிழக்கும். "தொங்கல் காம்பரா" (லயத்தின் கடைசி அறை), "பீலிக்கரை" (தண்ணீர் பிடிக்கும் இடம்) எல்லாம் இடக்குறி. ஆகவே சாட்சிக்குச் சொல்லிவையுங்கள்: ஒரு வசனம், நிறுத்தம், பிறகு அடுத்தது. பெயர்ப்புப் பிழைத்தால் சட்டத்தரணி உடனே எழுந்து, தமிழ்ச் சொல்லை அப்படியே பதிவில் போடச் சொல்ல வேண்டும்.

சட்டத்தரணி, பதுளை

ஒன்றைச் சேர்க்கிறேன். மொழித் தெரிவு எதிரியின் கையில்; செத்தவரின் குடும்பத்தின் கையில் அல்ல. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் சிங்கள ஜூரி வேண்டாம் என்று குடும்பத் தரப்பு ஆட்சேபித்தும் அதே ஜூரிதான் அமர்ந்தது. 2016 டிசம்பரில் எதிரிகள் விடுதலையானார்கள். பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட வழக்கில் ஜூரியே இல்லை. அது மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மன்று. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குக்கும் ஜூரி கிடையாது; அங்கே மேலே சொன்ன ஜூரித் தெரிவைக் கேட்டுப் பயனில்லை.