என் 800-ஐ ஓட்டிக்கொண்டு முதல் சந்திப்புக்குப் போன அனுபவம்

நம் கார் பிரியர்கள் குழுவில் எல்லாரும் தங்கள் முதல் சந்திப்பைப் பற்றி எழுதுவதைப் படித்ததும் எனக்கும் கை துறுதுறுத்தது. நான் திருப்பூர். அப்பா வாங்கிய மாருதி 800-ஐத்தான் இன்னும் ஓட்டுகிறேன். 12 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 13 அங்குல அலாய் சக்கரம், 145 மி.மீ.-க்குப் பதில் 165 மி.மீ. அகல டயர், முன்னால் கொஞ்சம் இறக்கிய ஸ்பிரிங். நான் செய்த மாற்றம் அவ்வளவுதான்.

கிணத்துக்கடவுப் பக்கம் ஒருவருடைய தென்னந்தோப்பில் சந்திப்பு. ஞாயிறு காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கரூர்க்காரர் ஒருவரின் பழைய கான்டெஸா காரும் நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு ஜீப்பும் முகப்பிலேயே நின்றன. அவற்றைப் பார்த்ததும் கூச்சமாகி, வண்டியை வேலி ஓரமாக நிறுத்தினேன்.

அப்புறம்தான் ஈரோட்டுத் தம்பி ஒருவர் வந்தார். சைலன்சர் மாற்றிய வண்டி, நல்ல சத்தம். சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டிய கட்டுத்தரையில் காங்கேயம் மாடுகள் கட்டியிருப்பதைப் பார்த்தவர், கேட்டுக்கு வெளியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். நாங்கள் ஆறேழு பேர் போய் உள்ளே தள்ளி வந்தோம். பெயர்கூடத் தெரியாதவர்களோடு தோள் சேர்த்துத் தள்ளியதில் என் கூச்சம் போய்விட்டது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் வண்டியைத் தேடி வேலி ஓரத்துக்கே வந்தார். "இந்த 796 சிசி எஞ்சினை வெச்சுத்தான் கண்ணு, நம்மூர் கரிவரதன் ஃபார்முலா மாருதிங்கிற ஒத்தை சீட் ரேஸ் காரே கட்டினார்" என்றார். 1995-ல் மறைந்த கோவை ரேஸ் வீரர் கரிவரதன் பெயரில்தான் கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் ரேஸ் காரில் இருந்ததும் என் வீட்டில் நிற்கும் எஞ்சின்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

பேசிக்கொண்டே குத்த வைத்து உட்கார்ந்து டயரைப் பார்த்தவர், "ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு நிறுத்து கண்ணு" என்றார். செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினார். ஒடித்த சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஹோஸில், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயில், உரசிக்கொண்டிருந்தது. விரல் நகம் அளவுக்கு ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் பின்னல் வெளியே தெரிந்தது. முந்தின வாரம்தான் அம்மாவை உட்கார வைத்துப் பழனிக்குப் போய் வந்திருந்தேன். கை நடுங்கிவிட்டது. அலாய் மாட்டிக் கொடுத்த கடையில் ஒரு தடவை ஒடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தட்டு போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாமா என்று கேட்டேன். "வேண்டாம். நட்டு பிடிக்கிற மரை குறைஞ்சுபோகும். அதுக்கு உரசலே தேவலை" என்றார்.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தெரிந்த ஸ்பேர்ஸ் கடைக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கடையைத் திறக்க வைத்து ஹோஸ் வாங்கி வந்தார். கூடவே தன் வீட்டில் சும்மா கிடந்த 12 அங்குலச் சக்கரம் நாலு. நான் பெடலை மிதிக்க, பெரியவர் பிரேக் நிப்பிளைத் திறந்து மூடி, பிரேக் ஆயிலில் சிக்கியிருந்த ஏரை எடுத்தார். பாட்டிலில் முங்கிய குழாயிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை விடவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. காசு நீட்டினேன், ஹோஸ் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் அரிசியும் பருப்பும் சாதம், நெய், இளநீர். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பற்றிச் சாப்பாட்டின்போது பேச்சு நீண்டது. நிறம் மாற்றினாலும் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், மாற்றம் செய்வதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

அந்த நாலு சக்கரத்தில்தான் வண்டி இன்னும் ஓடுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பொள்ளாச்சிக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

போன மாதச் சந்திப்புக்குக் கோபியிலிருந்து ஒரு தம்பி அலாய் போட்ட மாருதி ஜென் காரோடு முதல் தடவையாக வந்தார். வேலி ஓரமாகவே நிறுத்தினார். நேராகப் போய், "தம்பி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு நிறுத்துங்க, பார்த்துடலாம்" என்றேன். இரண்டு பக்கமும் பார்த்தோம். எங்கும் உரசல் இல்லை.