ஆண்டுக்கு ஒரே படம், 1920 முதல் 1970 வரை: எதை வைப்பது, எதை விடுவது?

மாடித்திரை கேட்டது:

வணக்கம். ஈரோட்டில் ஒரு சிறிய நூலகத்தின் மாடியில் நண்பர்கள் சேர்ந்து படம் போடுகிறோம். இதுவரை யாருக்கு எது பிடித்ததோ அதைப் போட்டுக்கொண்டிருந்தோம். இனி வரிசையாகப் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். 1920-இல் தொடங்கி 1970 வரை, ஆண்டுக்கு ஒரு படம். எந்த நாட்டுப் படமாகவும் இருக்கலாம், ஆனால் அந்த ஆண்டின் மிக முக்கியமான படமாக இருக்க வேண்டும்.

சில ஆண்டுகள் சண்டையில்லாமல் முடிந்தன. 1920 'டாக்டர் கலிகாரி', 1925 'பொட்டெம்கின்', 1941 'சிட்டிசன் கேன்', 1955 'பதேர் பாஞ்சாலி'. இவற்றில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் 1927-க்கு வந்ததும் கூட்டமே இரண்டுபட்டது: 'மெட்ரோபோலிஸ்', 'சன்ரைஸ்', ஏபெல் கான்ஸின் 'நெப்போலியன்', 'ஜாஸ் சிங்கர்'. நான்கும் ஒரே வருடம். 1939-உம் அப்படித்தான். 1957-ஐக் கேட்கவே வேண்டாம். சுவீடன் இயக்குநர் பெர்க்மன் மட்டுமே அந்த வருடம் இரண்டு படம் கொடுத்திருக்கிறார். அதோடு 'மதர் இந்தியா', 'பியாசா', குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்'. 'மாயாபஜார்' இல்லாத 1957 எனக்கு வேண்டாம் என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

இன்னொரு குழப்பம், எந்த ஆண்டைக் கணக்கில் எடுப்பது? 'காசாபிளாங்கா' நியூயார்க்கில் 1942 நவம்பரில் வந்தது, மற்ற ஊர்களுக்கு 1943 ஜனவரியில்தான் போனது, ஆஸ்கரும் 1943-க்கான கணக்கில்தான் கிடைத்தது. 'ராஷோமோன்' ஜப்பானில் 1950, வெனிஸில் பரிசு வாங்கி உலகம் பார்த்தது 1951. நீங்கள் என்றால் எப்படிப் பிரிப்பீர்கள்?

கார்பன் ஆர்க் எழுதியது:

தம்பி, நான் சேலம் பக்கம் கொட்டகையில் பல வருடம் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன். விமர்சகன் இல்லை. அதனால் கேபினுக்குள்ளிருந்து பார்த்தபடிதான் சொல்வேன்.

ஆண்டுத் தகராறை முதலில் முடித்துவிடுங்கள். சொந்த நாட்டில் டிக்கெட் கிழித்து முதன்முதலாகக் காட்டிய ஆண்டுதான் படத்தின் ஆண்டு. 'காசாபிளாங்கா' 1942, 'ராஷோமோன்' 1950, விஷயம் முடிந்தது. பரிசு வாங்கிய ஆண்டைப் பார்த்தால் சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வையும் 1957-க்கு இழுத்துவந்து இன்னும் குழப்பிக்கொள்வீர்கள். அது கல்கத்தாவில் 1956-லேயே வந்த படம். ஒரே ஒரு விலக்கு, அரசாங்கம் பூட்டிவைத்த படம். தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரேய் ரூப்ளெவ்' 1966-இல் தயார். சோவியத் ஜனங்கள் பார்த்தது 1971 கடைசியில். என் விதியை அப்படியே பிடித்தால் அது உங்கள் பட்டியலுக்கு வெளியே போய்விடும். அது அநியாயம். 1966-லேயே வையுங்கள். அந்த வருடம் 'பெர்சோனா'வும் 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்'-உம் நிற்கின்றன என்றால் அது உங்கள் பாடு.

அப்புறம், முக்கியமான படம் வேறு, நல்ல படம் வேறு. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யார் யார் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். படம் எடுப்பவனாக இருக்கலாம், கொட்டகைக்காரனாகவும் இருக்கலாம். இத்தாலியப் படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948. அதை 1950-இல் லண்டனில் பார்த்த சத்யஜித் ராய், இப்படித்தான் படம் எடுப்பது என்று முடிவுகட்டினார். 1952-இல் நம் நாட்டின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா மெட்ராசுக்கும் வந்தபோது அதுவும் 'ராஷோமோன்'-உம் வந்தன. அடுத்த இரண்டு வருடத்தில் இங்கே 'அந்த நாள்': ஒரு கொலை, ஆளுக்கொரு கதை, பாட்டே கிடையாது. இப்படி ஒன்று இன்னொன்றைக் கிளப்பிவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் 1927-க்கு எல்லோரும் 'ஜாஸ் சிங்கர்' என்பார்கள். பேசும்படம் அதிலிருந்து வந்தது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் பேச்சு கொஞ்சம்தான், பெரும்பாலும் எழுத்துப் பலகை போடும் மௌனப்படம். சத்தம் பிலிமில் இல்லை, தனி இசைத்தட்டில் இருந்தது. ஆபரேட்டர் பிலிமின் தொடக்கக் குறியை புரொஜெக்டரில் ஒளி விழும் கேட்டில் வைத்து, ஊசியைத் தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிட வேண்டும். நடுவில் பிலிம் அறுந்தால் தீர்ந்தது கதை. இரண்டு அங்குலம் வெட்டி ஒட்டினாலும் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வெட்டிய அளவுக்குக் கறுப்பு பிலிமைச் சேர்த்து ஒட்ட வேண்டும். கேபினில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை! சில வருடத்திலேயே அந்த முறை செத்துப்போனது.

'சன்ரைஸ்' அதே 1927, 'ஜாஸ் சிங்கர்'-க்குச் சில நாள் முன்னால் வந்தது. அதில் பேச்சே இல்லை, ஆனால் இசையும் சத்தமும் பிலிமின் ஓரத்திலேயே கோடாகப் பதிந்திருந்தன. நான் ஓட்டிய படமெல்லாம் அப்படி ஓரக் கோட்டில்தான் பாடின. அந்தக் கோட்டின் மேல் ஒளி பாய்ச்சும் எக்ஸைட்டர் லேம்ப் போய்விட்டால் சிவாஜியும் ஊமை, எம்.ஜி.ஆரும் ஊமை. ஜெயித்த முறை எதில் இருந்ததோ அந்தப் படத்தை விட்டுவிட்டு, தோற்ற முறைக்கு எதற்கு மாலை? கொட்டகைக்காரர்களை ஒலிக்கருவி வாங்க ஓடவைத்தது 'ஜாஸ் சிங்கர்'தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளைக்கார நாயகன் கறுப்பினத்தவர் வேடத்துக்காக முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாடும் படத்தை இன்று விளக்கம் சொல்லாமல் போடவும் முடியாது. என் ஓட்டு முர்னாவின் 'சன்ரைஸ்'-க்கு. கேமரா எப்படி நகர்ந்தது என்பதை வேறு தனியாகச் சொல்ல வேண்டும், இப்போது வேண்டாம்.

'மெட்ரோபோலிஸ்' போடுவதாக இருந்தால் ஒன்று. வெளியான கொஞ்ச நாளிலேயே அதைக் கால்வாசி வெட்டிவிட்டார்கள். போன பகுதியில் பெரும்பங்கு 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஒரு 16 எம்.எம். நகலில் கிடைத்தது, சுமார் 25 நிமிடம். அதைச் சேர்த்துச் செப்பனிட்டு 2010-இல் காட்டினார்கள். அந்தப் பகுதி வரும்போது திரை முழுக்கக் கீறல் மழையாகக் கொட்டும். ஆட்கள் முகம் சுளித்தால் சொல்லுங்கள், அந்தக் கீறல்தான் அசல் அடையாளம் என்று. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் பிரதியை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

1939-க்கு ரெனுவாரின் 'ரூல்ஸ் ஆஃப் த கேம்'. வந்தபோது பாரிஸ் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், வெட்டினார்கள், பிறகு தடையே வந்தது. முழு உருவத்தில் திரும்ப எழுந்தது 1959-இல். 'ஸ்டேஜ்கோச்' வேண்டும் என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 'சிட்டிசன் கேன்' எடுக்கும் முன் ஆர்சன் வெல்ஸ் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பாடம் படித்தார். 'கான் வித் த விண்ட்' நீளமான படம், அவ்வளவுதான்.

சந்திரலேகா தாசன் எழுதியது:

1948-ஐ 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே ஐயா! யார் வேலையை மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான் கணக்கு என்றால், அதே வருடம் 'சந்திரலேகா'. மெட்ராஸ் ஸ்டூடியோ ஒன்று தமிழில் எடுத்து, அதே வருடக் கடைசியில் இந்தியில் கொண்டுபோய் வடக்கே வெற்றி பெற முடியும் என்று ஜெமினி ஸ்டூடியோ வாசன் காட்டினார். அதைப் பார்த்துத்தானே மற்ற மெட்ராஸ் முதலாளிகளும் இந்திப் படத்தில் இறங்கினார்கள்? முரசு நடனத்தை மாடியில் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். இத்தாலிக்காரர் சைக்கிள் எங்கும் போய்விடாது. (போய்விட்டது, அதுதான் கதை. இருந்தாலும்.)

நிழலி எழுதியது:

கார்பன் ஆர்க் ஐயாவின் அளவுகோல் எனக்கும் பிடித்திருக்கிறது. கல்லூரியில் இதையேதான் மாணவிகளிடம் கேட்பேன். ஆனால் இதுவரை பேசிய பெயர்களைப் பாருங்கள், எல்லோரும் ஆண்கள். 1926-க்கு லோட்டே ரைனிகரின் 'இளவரசன் அக்மத்'தை வையுங்கள். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டு மூட்டாக அசைத்து, மூன்று வருடம் உட்கார்ந்து எடுத்த நிழலுருவப் படம். இன்று கைக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுதான் பழையது. டிஸ்னியின் 'ஸ்நோ ஒய்ட்' வந்தது 1937-இல்! பஸ்டர் கீட்டனின் 'ஜெனரல்' ரசிகர்கள் என்னை மன்னிக்கட்டும். தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் மாடியில் இருந்தால், 'அக்மத்' முடிந்து அவர்கள் பேசுவதைக் கேட்கவே நான் வருவேன்.

குறும்படத்துக்கு இடமுண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. உண்டு என்றால் 1943 மாயா டெரனுக்கு. 'மெஷஸ் ஆஃப் த ஆஃப்டர்நூன்' கால் மணி நேரம்கூடக் கிடையாது. கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே எடுத்தது. ஸ்டூடியோ இல்லாமல் படமெடுக்க வந்தவர்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் துணிச்சல் கொடுத்தது.

1931-ஐப் பற்றி ஒரு யோசனை. மார்ச் 14-இல் இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா', அக்டோபர் 31-இல் தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. நமக்கு அந்த வருடம் இதைவிட முக்கியமான படம் எது? ஆனால் இரண்டுக்குமே பிரதி இல்லை. 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936-இல் தானே இயக்கிய 'மிஸ் கமலா'வும் போய்விட்டது. காட்ட முடியாத படத்தைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அன்றைக்குத் திரையை வெறுமனே விட்டு, கிடைக்கிற புகைப்படங்களையும் விளம்பரங்களையும் சுற்றுக்கு விட்டுப் பேசுங்கள். அதன் பிறகு ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' போடுங்கள். அதுவும் 1931தான், சத்தத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அதைப் பார்த்தால் தெரியும். கொலைகாரன் முகத்துக்கு முன்னால் அவன் சீட்டிதான் வரும்.

மாடித்திரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 1926, 1927, 1931 மூன்றும் இங்கே சொன்னபடியே. குறும்படத்துக்கும் இடம் உண்டு, நிழலி அக்கா. 1948-க்கு வாக்கெடுப்பு நடத்தப் போகிறோம், சந்திரலேகா தாசன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வர வேண்டாம். ஐயா, நீங்கள் 1957-ஐத் தொடவே இல்லை. 1960-உம் மிச்சம்: 'சைக்கோ', 'பிரெத்லெஸ்', ஃபெலினியின் 'லா டோல்சே விட்டா', ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா', 'முகல்-ஏ-ஆஸம்'.

கார்பன் ஆர்க் எழுதியது:

1957-ஐ வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். 'மதர் இந்தியா'. ஆஸ்கரின் வெளிநாட்டுப் படப் பிரிவில் நின்ற முதல் இந்தியப் படம். அதை ஜெயித்தது ஃபெலினியின் 'நைட்ஸ் ஆஃப் கபீரியா', அதுவும் 1957தான். நான் அதற்காகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்தியத் திரையில் வந்த அம்மாக்களை எண்ணிப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போனவரிடம் சொல்லுங்கள், 'மாயாபஜார்' எனக்கும் உயிர். ரங்காராவ் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகும்போது கொட்டகையில் எழும் சத்தத்தில் கேபின் கண்ணாடி அதிரும். மார்கஸ் பார்ட்லியின் கேமரா வேலை அப்படி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அதுபோல் செய்ய யாருக்கும் வரவில்லை. என் கணக்கில் அது குறை, அவர் கணக்கில் அதுவே பெருமையாக இருக்கலாம்.

1960-க்கு 'சைக்கோ'. காரணம் குளியலறைக் கொலைக் காட்சி இல்லை. அமெரிக்காவில் அதுவரை ஜனங்கள் பாதிப் படத்தில் உள்ளே வந்து, அடுத்த காட்சியில் விட்ட பாதியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். படம் தொடங்கிய பிறகு யாரையும் விடக் கூடாது என்று ஹிட்ச்காக் கொட்டகைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசலில் வரிசை நின்றது. படம் பார்க்கிறவன் பழக்கத்தையே மாற்றிய படம், வேறென்ன வேண்டும்?

'மேகே டாக்கா தாரா'வை விட்டதற்கு என் வீட்டிலேயே எனக்குத் திட்டு விழும். அதை எந்த ஆண்டுக் கணக்கிலும் சேர்க்காமல் ஒரு சனிக்கிழமை தனியாகப் போடுங்கள். ஸ்பீக்கரை மட்டும் நல்லதாக வாங்கி வையுங்கள், படத்தில் வரும் அந்தச் சாட்டைச் சத்தம் சரியாகக் கேட்க வேண்டும்.