உதவி: ஃபிரான்ஸ்புரோட்சென் – வெண்ணெய் முழுக்கத் தட்டில் வடிகிறது, அழுத்திய வடிவமும் நிற்பதில்லை

கேள்வி:
ஜெர்மனியின் ஹாம்பர்க் பேக்கரிகளில் கிடைக்கும் ஃபிரான்ஸ்புரோட்சென் (வெண்ணெய் அடுக்கு மாவில் பட்டையும் சர்க்கரையும் தூவிச் சுருட்டி, அழுத்திச் சுடும் இனிப்புப் பண்டம்) மாதிரி இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் ஒரே கோளாறு: தட்டில் வெண்ணெய் குளம், அடியில் கருகிய சர்க்கரை, உள்ளே அடுக்கே இல்லாமல் பன் மாதிரி. கரண்டிக் காம்பால் அழுத்திய பள்ளம் வேகும்போது மேலெழும்பி மறைந்துவிடுகிறது.

அளவு: 405 ரக மாவு (ஜெர்மனியில் கிடைக்கும் மைதா) 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, ஈஸ்ட் கட்டி முழுதாக ஒன்று (42 கிராம்), சர்க்கரை 75, மாவில் சேர்க்க வெண்ணெய் 75, மாவுக்குள் அடுக்காக வைத்து மடிக்க 200. மூன்று மடிப்பையும் இடைவெளி இல்லாமல் போட்டேன். ஓவனை 50 டிகிரியில் வைத்து அரை மணி நேரம் பொங்கவிட்டேன். எங்கே தவறு?

பதில் 1:
வெண்ணெய் வடிந்தது சுடுவதற்கு முன்பா, சுடும்போதா? அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. முன்பே வடிந்திருந்தால் பொங்கவைத்த சூடுதான் காரணம். ஓவனுக்குள் போன பிறகுதான் வடிந்தது என்றால், மாவு போதுமான அளவு பொங்கவில்லை, அல்லது தேய்க்கும்போதே அடுக்கு கிழிந்துவிட்டது.

கேட்டவர்:
முன்பே. காகிதம் பளபளவென்று நனைந்திருந்தது. தேய்க்கும்போது வெண்ணெய் மாவுக்கு அடியில் சில்லு சில்லாக உடைந்ததும் தெரிந்தது.

பதில் 1:
அப்படியானால் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன.

50 டிகிரி இந்த மாவுக்கு ஆகவே ஆகாது. வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். உருகியதை மாவு உறிஞ்சிக்கொண்டால் அடுக்கு போச்சு, மிச்சம் பன்தான். சமையலறை 24–26 டிகிரி இருந்தால் அதுவே போதும், 45 முதல் 60 நிமிடம். தட்டை லேசாக ஆட்டினால் மாவு ததும்ப வேண்டும், அதுதான் பதம்.

சில்லாக உடைந்தது வெண்ணெய் மிகவும் குளிர்ந்திருந்ததால். 13–14 டிகிரியில், வளைத்தால் முறியாமல் வளைய வேண்டும். வெண்ணெயும் மாவும் விரலுக்கு ஒரே கெட்டியாகத் தெரிந்த பிறகுதான் உருளையை எடுக்க வேண்டும்.

ஈஸ்ட் பாதிக் கட்டி போதும். முழுக் கட்டியும் சூடான பாலும் சேர்ந்தால் நீங்கள் மடித்துக்கொண்டிருக்கும்போதே மாவு பொங்கி, தேய்க்கும்போது கிழியும். பால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரிலேயே இருக்கட்டும்.

பதில் 2:
நான் பரிந்துரைக்கும் அளவு: 550 ரக மாவு 500 கிராம், குளிர்ந்த பால் 230 மில்லி, ஈஸ்ட் 21, சர்க்கரை 60, உப்பு 8, வெண்ணெய் 50. 550 ரகம் மடிப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

மாவை 40×25 செ.மீ. தேய்த்து, 19×24 அளவுக்குத் தட்டிய 200 கிராம் வெண்ணெயை ஒரு பாதியில் வைத்து மூடி ஓரங்களை அழுத்துங்கள். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிப்பது மூன்று முறை. 3, 9, 27 என்று வெண்ணெய் அடுக்கு கூடும். ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் ஃபிரிட்ஜில் 30 நிமிடம். நீங்கள் செய்ததுபோல் இந்த ஓய்வைத் தவிர்த்தால் மாவு ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும். பள்ளம் மேலெழும்பியதற்கும் அது ஒரு காரணம்.

கடைசியாக 60×40, சுமார் 4 மி.மீ. கனம். மேலே உருக்கிய வெண்ணெய் தடவ வேண்டாம், தூரிகையால் மெல்லிசாகத் தண்ணீர் போதும். சர்க்கரை 120 கிராம், பட்டைத்தூள் 10 கிராம் கலந்து தூவி, 60 செ.மீ. பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஓரத்தில் 2 செ.மீ. சர்க்கரை இல்லாமல் விட்டால் நன்றாக ஒட்டும். 4 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 15 வரும்.

அழுத்துவதைக் கவனியுங்கள். வெட்டிய முகங்கள் இடமும் வலமும் இருக்க, ஒட்டிய ஓரம் அடியில் இருக்க, துண்டைப் பலகையில் வையுங்கள். காம்பில் மாவு தடவி, வெட்டுமுகங்களுக்கு இணையாக நட்டநடுவில், பலகைக்கு 2–3 மி.மீ. மட்டும் மிச்சம் இருக்கும்வரை அழுத்துங்கள். சுருள்கள் இரண்டு பக்கமும் விரிந்து மேலே பார்க்கும். பலரும் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பொங்குவதற்கு முன்பே அழுத்திவிட வேண்டும். இது தட்டையாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டிய பண்டம். சினமன் ரோல் உயரம் எதிர்பார்க்காதீர்கள்.

மேல் கீழ் சூட்டில் 200 டிகிரி, 15–18 நிமிடம்.

பதில் 3:
ஒரு சின்ன விசயம். கறுவாத்தூள் (பட்டைத்தூள்) வாங்கேக்க சிலோன் கறுவாவா எண்டு பாருங்கோ. மலிவாக் கிடைக்கிறது கூடுதலாக் கசியா எண்ட இன்னொரு வகை. அதில கூமரின் (கூடினா ஈரலுக்குக் கூடாத ஒரு இயற்கைப் பொருள்) அதிகம். இனிப்புப் பேக்கரிப் பண்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின்ர உச்ச அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம், மரபான, பண்டிகைக்காலக் கறுவாப் பண்டங்களுக்கு 50. அடிக்கடி சுடுற வீட்டில சிலோன்தான் நல்லம். ஆனால் கசியாவின்ர காரம் அதில வராது, வாசம் மென்மையா இருக்கும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் செய்தேன். வெண்ணெய் வடியவில்லை, சுருள் அழகாக விரிந்தது. அடிப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுக்கிறது, காகிதத்திலும் ஒட்டுகிறது. முதல் நாளே துண்டு போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் சுடலாமா?

பதில் 2:
துண்டு போட்டு வைக்காதீர்கள். சர்க்கரை மாவின் ஈரத்தை இழுத்து இரவோடு இரவாகப் பாகாகிவிடும். அதுதான் தட்டில் வடிந்து கருகும். மூன்றாவது மடிப்போடு நிறுத்தி, மாவுக் கட்டியை நன்றாக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்க்கரை தூவுவது காலையில்தான். தூவிய பிறகு மாவு இளகினால் சுருளை 15 நிமிடம் குளிரவைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடிக்கு இரண்டு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுடுங்கள். வெந்ததும் 2–3 நிமிடத்தில் கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பாகு இறுகிவிட்டால் காகிதம் உரிந்து வராது. மெல்லிய பழுப்புப் பாகு அடியில் இருப்பது குறையல்ல, அது இருக்கவே வேண்டும். கறுத்துக் கசந்தால் மட்டும் சர்க்கரையை 100 கிராமாகக் குறையுங்கள்.